பைபர் பாய்வள்ளத்துக்கு மோல்ட் எப்படிச் செய்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் குருநகரிலோ பாசையூரிலோ கரையேற்றி வைத்திருக்கும் பைபர் வள்ளங்களை ஒரு முறை பக்கத்தில் போய் நிதானமாகப் பாருங்கள். ஒரே பட்டறையில் செய்தவை என்றால் நிறம் வேறாக இருக்கும், எழுதிய பெயர் வேறாக இருக்கும். ஆனால் அணியத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஒன்றில் மெல்லிய பள்ளம் தெரிந்தால், மற்றவற்றிலும் அதே இடத்தில் அதே பள்ளம் இருக்கும். யாரும் இடித்து வந்த பள்ளம் அல்ல அது. அந்த வள்ளங்கள் வார்க்கப்பட்ட அச்சில், அதாவது மோல்டில், அந்த இடம் மேடாக இருந்திருக்கிறது. அந்த மோல்டை எடுத்த மூல உருவத்தில் அது பள்ளமாக இருந்திருக்கிறது. மூல உருவம் செய்தவர் அதைக் கவனிக்காமல் விட்ட அன்றே, இனிமேல் வரப்போகும் எல்லா வள்ளத்துக்கும் அந்தப் பள்ளம் எழுதப்பட்டுவிட்டது.

பைபர் வேலை என்றால் ரெசின் பூசுவதும் துணி ஒட்டுவதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வள்ளத்தின் நல்லதும் கெட்டதும் அதற்கு வெகு முன்பே, மூல உருவத்தில் தீர்மானமாகிவிடுகிறது. இயந்திரம் பூட்டிய வள்ளத்தை விடப் பாய்வள்ளத்தில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். அதனால்தான் இங்கே பாய்வள்ளத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அடிப்படை. பைபர் என்று நாம் சொல்லும் கண்ணாடி இழை என்பது துணி. ரெசின் என்பது பிசுபிசுத்த திரவம். இரண்டுக்கும் தன்பாட்டில் ஒரு வடிவமும் கிடையாது. மரப்பலகையை வளைத்து ஆணி அடிக்கலாம், இதை அப்படிச் செய்ய முடியாது. நனைத்த துணி இறுகும்வரை அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு பரப்பு வேண்டும். அந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் வழுவழுப்பாக வரும். காற்றுப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். வள்ளத்துக்கு வழுவழுப்பு வெளிப்பக்கத்தில் வேண்டும், தண்ணீர் ஓடுவது அங்கேதானே. ஆகவே துணியை ஒரு உருவத்துக்கு மேலே போர்த்தாமல், ஒரு குழிக்கு உள்ளே படியவைக்க வேண்டும். அந்தக் குழிதான் மோல்ட். வீட்டு வளவில் சீமெந்துக் கல் அரிவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் உட்பக்கம் எப்படியோ கல்லின் வெளிப்பக்கம் அப்படி. இதுவும் அதே நியாயம்தான்.

சரி, வள்ள வடிவில் ஒரு குழியை எப்படி உண்டாக்குவது? அதற்கு முழு அளவில் ஒரு வள்ளம் வேண்டும். தண்ணீரில் ஒருநாளும் இறங்காத, வடிவம் மட்டும் கொண்ட ஒரு வள்ளம். மேலே சொன்ன மூல உருவம் இதுதான், தொழிலில் இதைப் பிளக் என்பார்கள். பிளக்கின் மேல் கண்ணாடி இழையைப் போர்த்தி இறுகவிட்டுக் கழற்றினால் மோல்ட். மோல்டுக்கு உள்ளே கண்ணாடி இழையைப் படியவைத்துக் கழற்றினால் வள்ளம். பிளக் ஒரு தடவைதான் பயன்படும், கழற்றும்போது பெரும்பாலும் உடைந்தும் போகும். நன்றாகப் பராமரித்த மோல்ட் ஒன்றிலிருந்து நூறு வள்ளங்கள்கூட எடுக்கலாம்.

கண்ணாடி இழையில் பாய்ப்படகு செய்வது பழைய கலை ஒன்றும் அல்ல. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ரே கிறீன் என்பவர் 1942 இல் பொலியெஸ்ரர் ரெசினைக் கொண்டு சிறிய பாய்ப்படகு ஒன்றைச் செய்தார். அதைத்தான் இந்த வகையின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். எங்கள் பக்கம் அது வந்த வழிகளில் முக்கியமானது காரைநகரில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் படகுத் தளம். ஆனால் அதற்கு முன்பே இந்தக் கரையில் மரக்கலம் கட்டும் கை இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. பைபர் வந்ததும் அந்தத் தச்சுக் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. பிளக் கட்டுவது முழுக்க முழுக்கத் தச்சு வேலை. நல்ல தச்சர் இல்லாத பட்டறையில் நல்ல மோல்ட் வராது.

பிளக்: எல்லாம் இங்கேதான்

வடிவமைப்பாளர் தரும் வரைபடத்தில் வள்ளத்தைக் குறுக்கே பல இடங்களில் வெட்டிப் பார்த்த கோடுகள் இருக்கும். அவற்றோடு ஒவ்வொரு வெட்டிலும் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர், அடியிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் என்ற அட்டவணையும் இருக்கும். அதை அப்படியே பலகையில் மாற்றி வெட்டத் தொடங்கக்கூடாது. சிறிய படத்தில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் முழு அளவில் அது விரல் தடிப்புக்கு வந்துவிடும். அதனால் முதலில் நிலத்தில் பிளைவூட் விரித்து, கோடுகளை முழு அளவில் வரைவார்கள். புள்ளிகளில் ஆணி நிறுத்தி, மெல்லிய நீளமான சிலாகை ஒன்றை வளைத்துப் பிடித்தால் பிழையான புள்ளி தானாக விலகி நிற்கும். சிலாகை இயல்பாக எடுக்கும் வளைவுக்குத்தான் மரியாதை கொடுக்க வேண்டும், அட்டவணைக்கு அல்ல. இப்போது கணினியில் வரைந்து, இயந்திரத்தால் நுரைக்கட்டியைச் செதுக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அந்த இயந்திரம் கைக்கு எட்டாத பட்டறைக்கு நிலத்தில் வரைவதுதான் வழி, அது குறைந்த வழியும் அல்ல.

வரைந்த குறுக்கு வடிவங்களைப் பிளைவூட்டில் வெட்டும்போது, மேலே ஏறப்போகும் பலகையின் தடிப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும். பலகை 10 மில்லிமீற்றர் என்றால் இப்படி வெட்டிய சட்டமும் அந்த அளவு சிறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வள்ளம் வரைந்ததை விடப் பெருத்துவிடும். பிறகு இரண்டு நீளமான உத்திரங்களைச் சமமட்டமாக நிறுத்தி, அவற்றின் மேல் சட்டங்களைக் கவிழ்த்த நிலையில், 30, 40 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் பூட்டுவார்கள். நடுவால் ஒரு கம்பியை இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு சட்டத்தின் நடுக்கோடும் அந்தக் கம்பியில் விழுகிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பாய்வள்ளம் வேறு பாடம் படிக்க வைக்கிறது. இயந்திர வள்ளம் பெரும்பாலும் நிமிர்ந்தே ஓடும், இடமும் வலமும் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் ஓட்டுபவருக்குத் தெரியாது. பாய்வள்ளம் காற்றுக்கு ஒருக்கால் இடப்பக்கம் சாயும், ஒருக்கால் வலப்பக்கம் சாயும். சாயும்போது தண்ணீரில் அமிழ்வது அந்தப் பக்கத்து வயிறு. இரண்டு வயிறும் ஒத்திருக்காவிட்டால், ஒரு பக்கம் திரும்பும்போது நன்றாக ஓடி மறுபக்கம் திரும்பும்போது சுக்கானை இழுக்கும் வள்ளம்தான் கிடைக்கும். அதை ஓட்டிச் சரிசெய்ய முடியாது. அந்த மோல்டில் பிறக்கும் எல்லா வள்ளமும் அப்படியேதான் இருக்கும்.

சட்டங்களின் மேல் மெல்லிய மரச்சிலாகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி மூடியதும் பார்க்க வள்ளம் போலத்தான் இருக்கும். இனித்தான் உண்மையான வேலை. மேலே ஒரு படை கண்ணாடி இழை போட்டு இறுக்கி, பட்டி பூசி, தேய்க்க வேண்டும். தேய்ப்பது கையளவு கட்டையால் அல்ல. சின்னக் கட்டை பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேய்க்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். முழங்கையில் இருந்து விரல்நுனி வரையான நீளத்துக்கும் மேலே, கொஞ்சம் வளையக்கூடிய பலகை ஒன்றில் சாண்ட் பேப்பரை ஒட்டி, இரண்டு கையாலும் பிடித்து, சாய்வாக ஒரு தடவை, எதிர்ச்சாய்வாக ஒரு தடவை இழுக்க வேண்டும். அது மேட்டில் மட்டும் படும். தேய்க்குமுன் கறுப்புப் பெயின்றை மெல்லிய தூசியாக எங்கும் அடித்துவிட்டால், தேய்த்த பிறகு கறுப்பு மிஞ்சிய இடம் பள்ளம் என்று காட்டிக்கொடுக்கும். அங்கே மறுபடி பட்டி.

கண்ணை நம்ப வேண்டாம். இரவில் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு ரோச் லைற்றைப் பரப்போடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பாருங்கள். பகலில் சமமாகத் தெரிந்த இடமெல்லாம் நிழல் விழுத்தும். அதற்கும் மேலே நம்பக்கூடியது உள்ளங்கை. கண்ணை மூடிக்கொண்டு, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனால் ஒரு கடதாசித் தடிப்பு மேடும் கையில் தட்டுப்படும். 80 இலக்கச் சாண்ட் பேப்பரில் தொடங்கி 120, 240, 400, 600 என்று ஏறி, கடைசியில் தண்ணீர் விட்டு 1000, 1200 வரை போய், பிறகு மெருகு போடுவார்கள். ஒரு இலக்கத்தைத் தாண்டிக் குதித்தால் முந்திய கீறல் கடைசி மெருகுக்குப் பிறகு வெளியே வரும். பிளக்குக்குச் செலவாகும் காலத்தில் பெரும்பகுதி இந்தத் தேய்ப்பில்தான் போகிறது. பட்டறைக்காரர் பொறுமை இழப்பதும் இங்கேதான். எவ்வளவு அவசரம் என்றாலும் இந்த இடத்தில் நாள் குறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொன்று, மோல்ட் கழன்று வர வேண்டும். பக்கங்கள் நேர்செங்குத்தாக இருந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று பாகையாவது வெளிநோக்கிச் சரிய வேண்டும். சில பாய்வள்ளங்களில் மேல்விளிம்பு உட்பக்கம் வளைந்து வரும். அப்படியானதை ஒற்றைக் குழியிலிருந்து தூக்கவே முடியாது. அதற்கு மோல்டை நடுக்கோட்டில் பிளந்து இரண்டு பாதியாகச் செய்ய வேண்டும். பிளக்கின் நடுவால் ஒரு தற்காலிகப் பலகையை நிறுத்தி, ஒரு பாதியையும் அதன் விளிம்பையும் வார்த்து, பலகையை எடுத்துவிட்டு, அந்த விளிம்புக்கு மெழுகு பூசி, அதில் சாய்த்து மறுபாதியை வார்ப்பார்கள். போல்ற் துளைகளை இரண்டையும் பிரிக்க முன்பே துளைத்துவிட வேண்டும். பிரித்த பிறகு துளைத்தால் இரண்டும் திரும்ப ஒரே இடத்தில் வந்து பொருந்தாது.

ஒட்டாமல் இருக்க

ரெசின் தொட்டதோடெல்லாம் ஒட்டும் பொருள். பிளக்குக்கும் மோல்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிறகு வாள்தான். வழக்கமான தடுப்பு கார்னோபா மெழுகு. பிரேசிலில் வளரும் ஒரு மரத்தின் ஓலையிலிருந்து எடுப்பது, அதுவும் பனைக் குடும்பத்து மரந்தான். புதுப் பிளக்குக்கு ஐந்து தடவைக்குக் குறையாமல் பூசி, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு, துணியால் மினுக்க வேண்டும். அதற்கு மேல் பிவிஏ என்ற திரவத்தைத் தெளித்தால் மெல்லிய பிளாஸ்ரிக் தோலாகக் காயும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். முதல் தடவை மோல்ட் எடுப்பவர் இரண்டையும் செய்வது நல்லது. கார் மினுக்கும் பொலிஷ் எதையும் இதற்குப் பாவிக்க வேண்டாம். அதில் சிலிக்கோன் இருந்தால் மேலே பூசும் பூச்சு சிறுசிறு வட்டங்களாக விலகி நிற்கும்.

மோல்டை வார்த்தல்

முதல் படை ஜெல்கோட், அதாவது துணி இல்லாமல் பூசும் நிறமூட்டிய தடித்த ரெசின். மோல்டின் உள்முகமாக இருக்கப்போவது இதுதான், எனவே வள்ளத்துக்குப் பூசும் சாதாரண ஜெல்கோட் அல்லாமல், மோல்டுக்கென்றே வரும் கடினமான வகையை வாங்க வேண்டும். நிறம் கறுப்பு, செம்மஞ்சள், பச்சை என்று அழுத்தமாக இருக்கும். பின்னால் வள்ளத்துக்கு வெள்ளை ஜெல்கோட் பூசும்போது எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே விடுபட்டிருக்கிறது என்று தெரிவதற்காக. இரண்டு தடவையாக, மொத்தம் அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும்படி பூசுவார்கள். மெலிந்த இடத்தில் பின்னால் வரும் ரெசினில் கரைப்பானாக உள்ள ஸ்ரைரீன் ஊடுருவி ஜெல்கோட்டைச் சுருங்கவைத்துவிடும்.

ஜெல்கோட் விரலில் பிசுபிசுத்தாலும் ஒட்டிக்கொண்டு வராத பதத்துக்கு வந்ததும் கண்ணாடித் துணி. வெட்டிய நாரைத் தாறுமாறாகப் படியவிட்டு அழுத்திய துணியைப் பட்டறையில் மற் என்பார்கள். முதலில் 300 கிராம் போன்ற மெல்லிய மற் ஒன்று. கிராம் என்றால் ஒரு சதுர மீற்றரின் நிறை. தூரிகையால் ரெசினைக் குத்திக் குத்தி நனைத்து, வரியுள்ள உலோக றோலரை உருட்ட வேண்டும். உள்ளே காற்று இருக்கும்வரை றோலரின் கீழே மெல்லிய சடசடப்புச் சத்தம் கேட்கும். வெள்ளையாக இருந்த மற் கண்ணாடி போலத் தெளிந்து, சத்தமும் நின்றால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். மூலைகளில் ஒரு குமிழி தப்பினாலும், பின்னால் வள்ளம் எடுக்கும்போது ஜெல்கோட் அந்த இடத்தில் உடைந்து குழி விழும். இந்த முதல் மற்றை ஓர் இரவு இறுகவிட்டு, அடுத்த நாள் குமிழிகளைத் தேடி வெட்டி அடைத்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

பிறகு 450 கிராம் மற். கணக்கு இலகு: ஒரு படை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புத் தரும், மற்றின் நிறையைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே ரெசின் குடிக்கும். 14 அடிப் பாய்வள்ளம் ஒன்றின் உடற்பரப்பு 8 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படைக்கு மற் 3.6 கிலோ, ரெசின் 8 கிலோவுக்கு மேல். மோல்டின் தடிப்பு வள்ளத்தின் தடிப்பைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், இரண்டு மடங்கு என்றால் நிம்மதி. எட்டுப் படை என்றால் ரெசின் மட்டும் 65 கிலோவைத் தாண்டும். பிளக்கை அரைகுறையாக முடித்து அதன்மேல் இவ்வளவு பொருளைக் கொட்டுவது எவ்வளவு பெரிய நட்டம் என்று இந்தக் கணக்கே சொல்லும்.

எல்லாப் படையையும் ஒரே நாளில் போட ஆசை வரும். கூடாது. ரெசின் இறுகும்போது சூடாகும், பொலியெஸ்ரர் ரெசின் கனவளவில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். தடிப்பாகப் போட்டால் சூடு அதிகம், சுருக்கமும் ஒரேயடியாக வரும். மோல்ட் பிளக்கை விட்டு விலகி முறுகும். ஒரு நாளைக்கு ஒரு படை, மிஞ்சினால் இரண்டு.

எங்கள் வெக்கையில் இது இன்னும் கவனம். ரெசினை இறுகவைப்பது கற்றலிஸ்ட், மெதில் எதில் கீற்றோன் பெரொக்சைட். வழக்கமாக ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே 20 கிராம் விட்டால் துணியை நனைத்து முடிக்க முன்பே வாளிக்குள் இறுகிப் புகையத் தொடங்கும். அளவைக் கீழ்ப்பக்கமாக வைத்து, ரெசின் விற்பவர் சொல்லும் குறைந்த அளவுக்குக் கீழே போகாமல், விடியற்காலையில் வேலையைத் தொடங்க வேண்டும். கலக்குவதும் கொஞ்சம் கொஞ்சமாக. சோளகம் வீசும் மாதங்களில் புழுதி ஜெல்கோட்டில் வந்து அமரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மற் ஈரம் குடித்து, ரெசின் விட்டாலும் தெளியாமல் வெளுத்து நிற்கும். தை தொடக்கம் பங்குனி வரை காலை நேரம்தான் யாழ்ப்பாணத்தில் மோல்ட் வேலைக்குத் தோதானது.

பாதுகாப்பை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கற்றலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்கவே கூடாது. பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறுகலை வேகப்படுத்த ரெசினோடு சேர்க்கும் கோபால்ற் திரவத்தையும் கற்றலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே மற்றதை எடுக்க வேண்டும். ஸ்ரைரீன் ஆவிக்கு அதற்கென்று வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும், துணிக் கவசம் அதைத் தடுக்காது.

கடைசிப் படையும் இறுகிய பிறகு, வெளிப்பக்கத்தில் பிளைவூட் விலாக்களும் கால்களும் பொருத்துவார்கள். விலா மோல்டை நேரடியாக அழுத்தினால் அந்தக் கோடு உள்முகத்தில் தெரியும். எனவே நடுவில் நுரைக்கீற்று ஒன்றை வைத்து, அதற்கு மேலால் கண்ணாடி இழையைப் போர்த்தி ஒட்ட வேண்டும். பிறகு அவசரம் இல்லாமல் இரண்டு கிழமையாவது பிளக்கின் மேலேயே விட்டுவிடுங்கள். கழற்றுவதற்கு இரும்பு ஆப்பு வேண்டாம், மர ஆப்புகளை விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இடைவெளி விழுந்ததும் தண்ணீர் விட்டால் அது உள்ளே ஓடிப் பிரிக்கும். ஓரிடத்தில் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு தூக்கலாம்.

மேற்தட்டுக்கு வேறொரு பிளக், வேறொரு மோல்ட். அது வள்ள உடலை விடச் சிக்கலானது. உட்காரும் குழி, பாய்மரம் நிற்கும் இடம், கால் வழுக்காத சொரசொரப்பு எல்லாம் பிளக்கிலேயே இருக்க வேண்டும். சுக்கானுக்கு இரண்டு பாதியாகச் சிறிய மோல்ட். புதிதாகத் தொடங்குபவர் இந்தச் சுக்கானில் தொடங்குவதுதான் சரி. மேலே சொன்ன அத்தனை படியும் அதில் இருக்கிறது, பிழைத்தாலும் இரண்டு மூன்று கிலோ ரெசினோடு போய்விடும்.

பிளக்கே வேண்டாம், யாரோ செய்த நல்ல வள்ளம் ஒன்றைக் கவிழ்த்து மெழுகு பூசி மோல்ட் எடுக்கலாமே என்று கேட்பார்கள். முடியும். அமெரிக்காவில் இது பெரிய வழக்காகி 1989 இல் அவர்களுடைய அதியுயர் நீதிமன்றம் வரை போனது. இப்படிப் பிரதியெடுப்பதைத் தடுத்த புளோரிடா மாநிலச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிறகு 1998 இல் வள்ள உடலின் வடிவத்தைப் பாதுகாக்க அந்த நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. சட்டம் எப்படியிருந்தாலும், ஒருவர் மாதக்கணக்கில் தேய்த்து எடுத்த வடிவத்தை ஒரு கிழமையில் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தொழில் ரீதியாகவும் அது நட்டம். ஓடி முறுகிய வள்ளத்தின் முறுகலும் அடிபட்ட தழும்பும் சேர்ந்தே மோல்டுக்குள் வரும்.

கழற்றிய மோல்டைக் கழுவி, சின்னக் குறைகளைத் திருத்தி, 1000 இலக்கத்தில் தண்ணீர்த் தேய்ப்பும் மெருகும் கொடுத்து, மறுபடி மெழுகு பூசினால் முதல் வள்ளத்துக்குத் தயார். முதல் சில வள்ளங்களுக்குப் பிவிஏயும் தெளித்துக்கொள்ளுங்கள். வெயிலில் போட்டு வைத்தால் மோல்ட் முறுகும், நிழல் வேண்டும், கால்கள் சமமட்டத்தில் நிற்க வேண்டும். அடுத்த வேலைக்கு மாதக்கணக்காகும் என்றால் கடைசியாக வார்த்த வள்ளத்தைக் கழற்றாமல் மோல்டுக்குள்ளேயே விட்டு வையுங்கள். மோல்டின் வடிவத்தை அது பிடித்து வைத்திருக்கும், உள்முகத்திலும் புழுதியோ கீறலோ விழாது.